தாவிய ராஜாவும் என் திருவாயும்

மாமனாரைப் பார்த்து "போங்காட்டம் ஆடறீங்க" என்று கத்திய மருமகள்கள் இந்தத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. ஆனால் அவர் மாமனார் ஆவதற்கு முன்பே, அவர் வீட்டுக்கு முதன்முதலாகப் போன அன்றைக்கே, அவர் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே கத்தியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. (கொஞ்சம் பெருமையும் உண்டு. விடுங்கள்.)

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்குக்கு மேல் கோபம். தம்பியோடு தாயம் ஆடினால் பாதி ஆட்டத்தில் கட்டையைத் தூக்கிச் சாக்கடையில் போட்டுவிடுவேன். செஸ்ஸில் மட்டும் கொஞ்சம் அடக்கமாக இருப்பேன், ஏனென்றால் அதில் எனக்கு ஒரு பதக்கம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது வட்டார அளவில் இரண்டாம் இடம். பெண்கள் பிரிவில் மொத்தம் மூன்று பேர்தான் வந்தார்கள், அதில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்பதையெல்லாம் நான் யாரிடமும் சொல்வதில்லை.

அப்போது நான் அடிவாரத்திலிருந்து தினமும் காலையில் பஸ் ஏறி, ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே கீசர் ரிப்பேருக்கு வந்த எலக்ட்ரீஷியன்தான் பிரபு. அந்த மழைக்காலத்தில் மட்டும் எங்கள் லாட்ஜில் கீசர் பதினோரு தடவை கெட்டுப்போனது. (நான்கு தடவை நிஜமாகவே கெட்டது.) பன்னிரண்டாவது தடவை அவன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "கட்டிக்கலாங்களா?" என்றான். நானும் சரி என்றேன். அன்றிலிருந்து கீசர் நன்றாகத்தான் ஓடுகிறது.

எங்கள் இரண்டு பேருக்கும் சரி. பெரியவர்களுக்குத்தான் சரியாக வரவில்லை. என் அப்பா அடிவாரத்தில் பழக்கடை வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் குதிக்கவில்லை, ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"அவுங்க ஊட்டுப் பெரியவரு வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும் சாமி. கேட்டாக் குடுத்தர்றேன். கேக்கலீன்னா, அடுத்த வெள்ளிக்கெழம ஓமலூர்ல இருந்து பொண்ணு பாக்க வர்றாங்க. சேலையக் கட்டிக்கிட்டு வந்து நில்லு."

அந்தப் பெரியவர்தான் சிக்கல். பிரபுவின் வீடு ஏற்காட்டு மலைமேல் வாழவந்தியில். அவன் அப்பா ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் ஆட்களை நிற்க வைத்துப் பேர் கூப்பிட்டு, யார் எந்தப் பக்கம் பழம் பறிக்கப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புகிற உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்கே அவர் ரைட்டர் அய்யாதான். மூத்த மகனுக்குச் சேலத்தில் பெண் எடுத்தார். அந்தப் பெண் மேலே வந்து ஒரே ஒரு மழைக்காலம் இருந்தாள். அட்டைப்பூச்சியும் குளிரும் பனிமூட்டமும் பார்த்தாள். தை மாதம் பிறந்ததும் புருஷனையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். அதிலிருந்து கீழே இருந்து பெண் எடுப்பது என்றாலே ரைட்டர் பதில் சொல்ல மாட்டார். வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார், சரி என்றும் சொல்ல மாட்டார். மூன்று மாதமாக இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா வாயத் தொறக்கறதே செஸ் பலகை முன்னாடிதான்" என்றான் பிரபு. "ஞாயித்துக்கெழம வா. அவருகூட ஒரு ஆட்டம் ஆடு. ஆட்டம் முடிஞ்சா அவரே பேசுவாரு."

"ஜெயிக்கணுமா, தோக்கணுமா?"

"அது எனக்குத் தெரியலையே. இதுவரைக்கும் ஆரும் ஜெயிச்சதில்ல."

இந்த ஒரு வார்த்தை போதாதா என் மூக்குக்கு? ஜெயித்துக் காட்டினால், இப்படி ஒரு புத்திசாலி மருமகளா என்று அவர் வியந்துபோய் அன்றைக்கே அடிவாரத்துக்கு ஓடி வருவார் என்று நான் கணக்குப் போட்டேன். இருபத்து நான்கு வயதில் மூளை அப்படித்தான் வேலை செய்கிறது.

அவர் எப்படி ஆடுவார் என்று பிரபு லாட்ஜ் லெட்டர்பேடில் படம் போட்டுக் காட்டினான். எப்போதும் வெள்ளைக் காய்தான் எடுப்பார். ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்துவார். அந்தச் சந்தில் மந்திரியைக் கொண்டுவந்து உட்கார வைப்பார். அங்கிருந்து அந்த மந்திரி பலகையின் மறுமூலை வரைக்கும் சாய்வாகப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு அவசரமே கிடையாது. நாம் என்ன செய்கிறோம் என்று பார்த்து, அதற்குத் தகுந்த மாதிரி எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வார். படத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கல்யாண விஷயத்திலும் மனுஷன் இதே ஆட்டத்தைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்.

போனில் செஸ் சொல்லித்தரும் அண்ணன் ஒருவரைப் பிடித்தேன். அந்த ஆட்டத்தை முறிப்பதற்கென்றே தனியாக ஒரு வீடியோ போட்டிருந்தார். "எதிராளி மந்திரிய மூலையில பதுக்கி வெச்சா, நடுவை நீங்க பிடிச்சுக்குங்க. ராணியையும் மந்திரியையும் ஒரே சாய்வுல நிறுத்தி, அவரோட பதுங்கின மந்திரிய வெட்டுக்கு வெட்டு மாத்திக்குங்க. அவரு ராஜாவுக்கு அந்தப் பக்கந்தான் கோட்டை கட்டுவாரு. ஓரச் சிப்பாய விரட்டிவிட்டு கோட்டைக் கதவை உடைங்க. சும்மா சும்மா செக் வைக்காதீங்க." ஒரு வாரம் பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் இதே பாராயணம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பக்கத்து சீட்டு அம்மா மேல் சாய்ந்துகொண்டே மந்திரியை வெட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மார்கழி மாதம். அங்கேதான் என் இரண்டாவது அறிவாளித்தனம். கீழே இருந்து வருகிற பெண் குளிர் தாங்க மாட்டாள் என்பதுதானே இவர் பயம்? எனக்குக் குளிரே கிடையாது என்று நிரூபிக்க, ஸ்வெட்டர் இல்லாமல், துப்பட்டாவைக்கூடக் கழுத்தில் சுற்றாமல், பிரபுவின் பைக்கில் ஏறிப் போனேன். வாழவந்தி போய்ச் சேர்ந்தபோது என் தாடை தனியாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த ரைட்டரோ முழுக்கைக் கம்பளிச் சட்டை, மேலே ஒரு சால்வை, தலையில் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற குரங்குக் குல்லா என்று உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அம்மிணி. குளுருதுங்களா?"

"இல்லீங்க சார்." (மாமா என்று கூப்பிட்டால் அதிகப்பிரசங்கித்தனம். அய்யா என்றால் எஸ்டேட் ஆள் மாதிரி. ஒரு வழியாக சாரில் வந்து நின்றேன்.)

பிரபுவின் அம்மா சரோஜா காப்பி கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரை வாங்கும் சாக்கில் என் காதோரம் குனிந்து, "தோத்துப்போயிரு கண்ணு. அவருக்கு நொம்ப சந்தோசமா இருக்கும்" என்றார். வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தம்மா என் பக்கம் வந்துவிட்டார்களே என்று மனசுக்குள் குளிர்ந்துபோனேன். ஆனால் தோற்பதாக இல்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. பிரபு படம் போட்டுக் காட்டியபடியே முதலில் சிப்பாய், சந்தில் மந்திரி. நானும் பாடம் மாறாமல் நடுவில் இரண்டு சிப்பாய்களை நிறுத்தினேன். குளிரில் கை நடுங்கி, ஒரு காயை வைப்பதற்குள் பக்கத்தில் இரண்டு காய் சாய்ந்தது. அவர் பொறுமையாக அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, "குளுருதுங்களா?" என்றார். "இல்லீங்க சார்" என்றேன். நடுவில் ஒரு நல்ல செக் கிடைத்தது. மந்திரியைக் கொண்டுபோய் வைத்தால் ராஜாவுக்குச் செக், அவர் ஒரு சிப்பாயைத் தூக்கிக் குறுக்கே வைத்துத் தடுத்துவிடுவார், அவ்வளவுதான். சும்மா செக் வைக்காதே என்று அண்ணன் சொன்னது ஞாபகம் வர, வைக்காமல் விட்டேன்.

பிறகு என் ஓரச் சிப்பாயை விரட்டினேன். அது கிடுகிடுவென்று போய் வழியை உடைத்தது. யானைக்கு வரிசை திறந்தது. கதவைத் திறந்து உள்ளே பார்த்தால் ஆளே இல்லை! மனுஷன் கோட்டையே கட்டவில்லை. அவர் ராஜா ஆட்டம் ஆரம்பித்த இடத்திலேயே, ராணிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. காலி வீட்டுக்குப் படை திரட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனாலும் விடவில்லை. கோட்டை கட்டாத ராஜா இன்னும் நல்லதாயிற்றே என்று ராணியையும் யானையையும் நடுப்பக்கம் திருப்பினேன். இருபது நிமிஷம் கழித்துப் பார்த்தால், என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. அடுத்த நகர்த்தலில் மேட். அவர் எந்தக் காயை எங்கே நகர்த்தினாலும் மேட். நான்கு பக்கமும் எண்ணிப் பார்த்தேன். வழியே இல்லை.

பிரபுவைப் பார்த்துச் சிரித்தேன். அவனும் சிரித்தான். ரைட்டர் ஐந்து நிமிஷம் பலகையைப் பார்த்தார். பிறகு சால்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, ராஜாவைத் தூக்கி, ராணியின் தலைக்கு மேலாகக் கொண்டுபோய், குதிரை போகிற மாதிரி இரண்டு கட்டம் தள்ளி ஒரு கட்டம் மேலே வைத்தார். வைத்துவிட்டு மீதிக் காப்பியைக் குடித்தார்.

நான் பலகையைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். என் திருவாய் திறந்தது.

"போங்காட்டம் ஆடறீங்க மாமா!"

அடுப்பங்கரையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அத்தோடு நிறுத்தியிருந்தாலாவது ஏதோ வாய் தவறிவிட்டது என்று சமாளித்திருக்கலாம். எனக்கு நிறுத்தவா தெரியும்?

"ராஜா எப்படிங்க தாவும்? ராஜா என்ன கொரங்குங்களா? ஒரு வாரமா உசுரக் குடுத்துப் படிச்சுட்டு வந்திருக்கறனுங்க! இதென்ன அழுகுணி ஆட்டம்!"

குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன. அப்போதுதான் நான் சொன்ன வார்த்தை எனக்கே உறைத்தது. ரைட்டர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிரபு என் பக்கத்தில் வந்து குசுகுசுத்தான். "ஏன் இப்படிப் பண்ணுனே? செக் வாங்காத ராஜா ஒரே ஒரு தடவ குதிர மாதிரித் தாவலாமே. உங்க ஊட்டுல தாவாதா?"

"எந்த ஊட்டுலயும் தாவாது!"

"அப்படியா? நான் எல்லா ஊட்டுலயும் தாவும்னு நெனச்சேன்" என்றான் அந்தப் பாவி. எஸ்டேட்டில் அவர்கள் எல்லோரும் ஆடுவது பழைய நாட்டு ஆட்டமாம். கோட்டை கட்டுவதே கிடையாதாம். அதற்குப் பதிலாகத்தான் இந்தத் தாவலாம். ஒரு செக் வாங்கிவிட்டால் அந்தத் தாவல் போய்விடுமாம். வைக்காமல் விட்டேனே ஒரு செக், அதை வைத்திருந்தால் அன்றைக்கு நான் ஜெயித்திருப்பேன். அட கெரகமே!

கோபம் இறங்கியதும் அழுகை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஓமலூர்க்காரர்கள் முன்னால் காப்பித் தட்டோடு நிற்பதை நினைத்து அழுதேன். எனக்குப் பிரபு வேண்டும். அந்தச் சரோஜா அம்மா வேண்டும். சுற்றிலும் மிளகுக்கொடி ஏறின மரங்களோடு பனியில் பாதி மறைந்திருந்த அந்த வீடும் வேண்டும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சரோஜா அம்மா வந்து தன்னுடைய ஸ்வெட்டரை என் மேல் போர்த்தினார்.

"குளுரலைன்னு சொன்னயே சாமி?"

"பொய் சொன்னனுங்க. குளுருதுங்க அத்தை. நொம்பக் குளுருது. காலே மரத்துப்போச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் அழுதேன்.

கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. ரைட்டர் வெள்ளை வேட்டி சட்டையில் நின்றார். குல்லா இல்லை, தலை படிய வாரியிருந்தது.

"ஜீப்ப வரச் சொல்லு" என்றார் பிரபுவிடம். "அடிவாரம் போகோணும்."

என்னை என் அப்பாவிடம் ஒப்படைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஜீப் மலை இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் கோர்ட்டுக்குப் போகிற கைதி மாதிரி நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டு போனேன்.

எங்கள் வீட்டில் அப்பா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். ரைட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"உங்க பொண்ணு இன்னைக்கு எங்க ஊட்டுக்கு வந்துச்சுங்க. என்னையப் பாத்துப் போங்காட்டம் ஆடறீங்கனு சொல்லிப்போட்டுதுங்க."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி வெந்துவிட்டேன்.

"என்ற ராஜாவக் கொரங்குன்னும் சொல்லுச்சுங்க."

மீதியும் வெந்துவிட்டேன்.

"மாமானும் கூப்பிட்டுச்சு." ஒரு நிமிஷம் தண்ணீர் டம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தார். "மூத்த மருமக எங்க ஊட்டுல ஆறு மாசம் இருந்துச்சுங்க. தங்கமான புள்ள. ஒரு வார்த்த எதுத்துப் பேசுனதில்ல. குளுருதான்னு கேட்டா இல்லீங்கும், சோறு புடிக்குதான்னு கேட்டா புடிக்குதுங்கும். ஒரு நா காலைல எந்திரிச்சுப் பாத்தா மூட்ட கட்டி வாசல்ல வெச்சிருந்துது. என்ன புடிக்கலீன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க. இந்தப் புள்ளயும் வந்த ஒடனே குளுரலைன்னுச்சா, இதுவும் அப்படித்தான்னு நெனச்சுப்போட்டேன். அப்பறம் பாத்தாக் கத்துது. அத்தைகிட்ட அழுதுகிட்டே குளுருதுங்குது. கதவுக்குப் பின்னால நின்னு எல்லாங் கேட்டுட்டுத்தான் இருந்தேன். கத்தற புள்ள இருந்துக்கும்ங்க. அதான் கேக்கலாம்னு வந்தனுங்க."

அப்பா எழுந்து போய் ரைட்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் அதற்குள் அழுது, சிரித்து, மூக்கைச் சரோஜா அத்தையின் ஸ்வெட்டரிலேயே துடைத்துவிட்டேன்.

ரைட்டர் எழுந்திருக்கும்போது என் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு அம்மிணி. எங்க ஊட்டுல ராஜா தாவும்." நான் வாயைத் திறந்தேன். அம்மா பின்னாலிருந்து தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். மூடிக்கொண்டேன்.

நான் மேலே வந்து எட்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இப்போதெல்லாம் ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே, பிரயோஜனம் இருக்கிறதோ இல்லையோ, ஒரு செக்கை வைத்து மாமாவின் தாவலைப் பிடுங்கிவிடுவேன். (வீடியோ அண்ணன் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்.) பத்தில் மூன்று ஆட்டம் ஜெயிக்கிறேன். மிச்ச ஏழிலும் கத்துகிறேன். என் சத்தம் கேட்டால்தான் மாமாவுக்குக் காப்பி இறங்குகிறது என்று அத்தை கேலி செய்வார்.

போன மாதம் எனக்குச் சளி பிடித்துத் தொண்டை அடியோடு கட்டிவிட்டது. மூன்று நாள் வீட்டில் சத்தமே இல்லை. மாமா முதல் நாள் சும்மா இருந்தார். இரண்டாம் நாள் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். செக் வாங்கின ராஜாவைத் தாவவிட்டார். நான் முறைத்தேன். இன்னொரு தடவையும் தாவவிட்டார். என் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. முகம் வாடி எழுந்து போனார். மறுநாள் மத்தியானம் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது, மனுஷன் ஸ்டூலைப் போட்டுப் பரண்மேல் ஏறி, கல்யாணத்தின்போது நான் கொண்டுவந்த சூட்கேஸைத் திறந்து பார்த்திருக்கிறார். அத்தை கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். உள்ளே துணி எதுவும் இல்லை. போன அறுவடை மிளகைக் காயவைத்து அதில்தான் கொட்டி வைத்திருக்கிறேன், வாய் வரைக்கும்.

இப்போது நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் போதும், பிரபுவில் ஆரம்பித்து போனில் என் அம்மா வரைக்கும் ஆளாளுக்கு, பெட்டியில் மிளகு இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். அன்றைக்கு மாமா பெட்டியை மூடிவிட்டு, ஸ்டூலை விட்டு இறங்கிக்கொண்டே அத்தையிடம் சொன்னாராம்:

"மொளகு இருக்குது சரோஜா. போக மாட்டா."